கடைசி அத்தியாயத்துக்கு வைத்த ஜிப்

என் சித்தி வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறைத்திருக்கிறாள். அதுவும் ஒரு காட்டேரிக்காக.

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறையில் சித்திக்கு வேலை. மெஷின்கள் ஒரே வரிசை. கட்டிங் மாஸ்டர் துணி வெட்டித் தருவார், சித்தி பையின் உடம்பைத் தைப்பாள், பக்கத்து மெஷினில் ஜிப் அக்கா ஜிப் வைப்பார், அடுத்தவள் கைப்பிடி வைப்பாள். வரிசையின் கோடியில் நீள மேஜை. அங்கே நூல் பிசிறு வெட்ட வேண்டும். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அடுத்து எங்கே என்று தெரியாமல் நான் சித்தி வீட்டில் கிடந்த நாட்கள் அவை. "விட்டத்தைப் பார்த்துட்டுக் கெடக்கறதுக்கு நூலாவது வெட்டு, வா" என்று இழுத்துப் போனாள்.

அங்கே புத்தகம் படிக்கிற முறையே தனி. புத்தகம் ஒன்று, படிக்கத் துடிப்பவர்கள் பலர். அதனால் புதுப் புத்தகம் வந்ததும் மாஸ்டர் தன் கத்தியால் அதன் முதுகைப் பிளந்து துண்டு துண்டாக்குவார். ஒவ்வொரு துண்டுக்கும் மிச்சத் துணியில் சித்தி உறை தைப்பாள். பை போகும் வழியிலேயே கதையும் போகும்: மாஸ்டர், சித்தி, ஜிப் அக்கா, கைப்பிடிக்காரி. எல்லாரும் படித்து முடித்ததும் சித்தி கனத்த ஊசியால் மறுபடி ஒன்றாகத் தைத்துவிடுவாள். அப்படித் தைத்தவை அலமாரியில் வயிறு உப்பி நிற்கும்.

அந்த வரிசையில் எல்லாருக்கும் உயிர், ஒரு காட்டேரிக்கும் ஒரு பெண்ணுக்குமான காதல் தொடர். காட்டேரிக்குப் பட்டறை வைத்த பெயர் பல்லழகன். அவன் கடித்தால் அவளும் சாகாதவள் ஆகிவிடுவாள். கடிக்காவிட்டால் அவள் மட்டும் கிழவியாகிச் செத்துப்போவாள். கடிப்பானா மாட்டானா என்று ஐந்து புத்தகம் இழுத்தாயிற்று.

முதல் புத்தகம் வந்த சமயத்தில்தான் ஜிப் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அக்கா வேலைக்கு வருவார், தைப்பார், போவார். வாயைத் திறக்க மாட்டார். சித்திதான் முதல் துண்டை அவர் மடியில் போட்டிருக்கிறாள். மறுநாள் அக்கா பேசினாராம்: "உலகத்துல சாகாத புருஷன் ஒருத்தனாவது இருக்கட்டும். அடுத்த துண்டு எங்கடி?" அன்றிலிருந்து இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடாத குறைதான்.

ஆறாவது, கடைசிப் புத்தகம் வந்தது. முடிவுத் துண்டைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். பால் பொங்கி வழிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன் சித்தி அழறீங்க?"

"கொன்னுட்டாங்கடி. பல்லழகனைக் கொன்னுட்டாங்க."

ஒரு கலங்கரை விளக்கத்தில் அவர்கள் கல்யாணம் நன்றாகத்தான் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சின்ன அத்தியாயம். அவளைக் கடிக்க மனம் வராமல் அவன் தன் சாகாவரத்தையே உதறிவிடுகிறான். இருவருக்கும் நரைக்கிறது. கடைசியில் ஒரு மத்தியானம் அவன் அவள் மடியில் தலைவைத்தபடி இறந்துபோகிறான்.

"இதை அக்கா கையில எப்படிக் குடுப்பேன்?" என்றாள் சித்தி. "மறுபடி வாயை மூடிட்டாங்கன்னா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளேடை எடுத்தாள். உறைத் தையலைப் பிரித்து அந்த அத்தியாயத்தை மட்டும் உருவினாள். கல்யாணத்தோடு முடிகிற துண்டு ஜிப் அக்காவுக்குப் போனது. உருவிய தாள்கள் அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே கைப்பிடிக்காரிக்குப் போயின, வாயைத் திறக்கக் கூடாது என்ற மிரட்டலோடு.

வாயைத் திறக்காமல் இருக்கக்கூடிய முடிவா அது? பட்டறை இரண்டாகப் பிளந்தது. மாஸ்டருக்குக் கோபம். "ஆறு புத்தகமா கோட்டை கட்டிட்டுக் கடைசில மண்ணை அள்ளிப் போட்டுட்டாங்க" என்றார். சித்தி அவர் கட்சி. கைப்பிடிக்காரியோ, "அவளுக்காகச் சாகாவரத்தையே விட்டான் பாருங்க, அதான் ஆம்பளை. உங்களுக்கு அரைக் கட்டு பீடியை விட முடியுதா மாஸ்டர்?" என்று எதிர்க்கட்சி. ஜிப் அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் சண்டை வெடிக்கும். திரும்பினால் எல்லாரும் பாபினுக்கு நூல் சுற்றுவார்கள்.

அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. கல்யாண முடிவில் அவர் குளிர்ந்துபோயிருந்தார். "ஏன் மாஸ்டர், உம்முனு இருக்கீங்க? கல்யாணத்துல உங்களுக்குச் சாப்பாடு போடலையா?" என்று கேட்டார். மாஸ்டர் கத்தரியைக் கடித்துத் துப்பாத குறையாக நின்றார். சித்தி என் பக்கம் திரும்பி இல்லாத நூலையெல்லாம் வெட்டச் சொன்னாள். அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை வருஷம் எதையும் மறைக்காத ஒருத்தியிடம் மறைப்பது என்றால் சும்மாவா?

ரகசியம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. டீ நேரத்தில் கைப்பிடிக்காரி பீடியைப் பற்றி இன்னொரு தரம் சீண்ட, மாஸ்டர் பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்: "போம்மா! அவனைக் கிழவனாக்கிச் சாகடிச்சதுதான் காதலா?"

ஜிப் அக்காவின் டம்ளர் பாதியில் நின்றது.

"யாரு செத்தா?"

எல்லாக் கண்ணும் சித்தியிடம் போயின. அக்காவும் அவளைத்தான் பார்த்தார்.

"உங்களுக்குத் தாங்காதுன்னு நினைச்சேங்க்கா..."

"எனக்குத் தாங்குமா தாங்காதான்னு நீ தைச்சுப் பார்த்தியா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "பாதிக் கதையைக் கையில குடுத்து, நான் பல்லை இளிக்கறதை எல்லாரும் வேடிக்கை பார்த்தீங்களா?"

உருவிய தாள்களைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய டப்பா நூல் வெட்டும் மேஜைக்கு, என் பக்கத்துக்கு வந்துவிட்டது. சித்தி தைத்த உடம்புகளை வாங்குவார், ஜிப் வைப்பார், நகர்த்துவார். ஒரு வார்த்தை கிடையாது. சித்தியின் தையல் கோணலாகப் போனது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். "திட்டினாக்கூடப் பரவாயில்லை. ஆரம்பத்துல இருந்த மாதிரியே ஆயிட்டாங்க. நானே ஆக்கிட்டேன்" என்றாள்.

வாரக் கடைசியில், சாப்பாட்டு வேளையில், அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்திலிருந்து எழுந்தார். நேரே சித்தியின் மெஷின் பலகையில் வைத்தார்.

"படிச்சேன். ரொம்ப நல்லா இருக்கு."

"என்னக்கா நல்லா இருக்கு? அவன்தான் செத்துட்டானே."

"செத்தான். ஆனா அவ கூட இருந்தா." அக்கா டப்பா மூடியைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. "இவர் போறப்ப நான் கீழ மருந்துக் கடையில சீட்டை நீட்டிட்டு நின்னுட்டு இருந்தேன். மேல வந்தா கட்டில்ல துணி போத்தியிருந்தது. இதைப் படிக்கறப்ப நானும் பக்கத்துலயே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சுடி. அதைப் போயி பிளேடு போட்டு எடுத்தியே."

சித்தி அந்த மூடியை வாங்கித் திறந்து கொடுத்தாள். அவள் கண்ணீர் டப்பாவுக்குள் விழுந்ததற்கு அக்கா திட்டினார். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் கட்சி மாறவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே, "என்ன இருந்தாலும் அவனைச் சாகடிச்சது தப்புதாங்க்கா" என்றாள் சித்தி. "போடி, உனக்குக் காதலும் தெரியாது, கதையும் தெரியாது" என்றார் அக்கா. வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. இப்போது யாரும் தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

புத்தகத்தை ஒன்றாகத் தைக்கும் நாள் வந்தபோது, கடைசி அத்தியாயத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மறுபடி ரகளை. மாஸ்டர் அதை எரிக்கச் சொன்னார். ஜிப் அக்கா சிவப்புத் துணியில் ஒரு உறை வெட்டி, பின்னட்டையின் உள்பக்கம் வைத்துத் தைத்து, உறையின் வாயில் ஒரு ஜிப் வைத்தார். தாள்களை அதற்குள் போட்டு இழுத்து மூடினார்.

"வேணுங்கறவ திறந்துக்கட்டும், வேணாங்கறவ கல்யாணச் சாப்பாட்டோட எழுந்து போகட்டும்" என்றார். சித்தியைப் பார்த்து, "ஆனா யாருக்காகவும் யாரும் மூடி வைக்க வேணாம்."

அந்தப் புத்தகத்தைப் பக்கத்துப் பட்டறைக்காரிகளும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். திரும்பி வரும்போதெல்லாம் யார் ஜிப்பைத் திறந்தாள், யார் திறக்கவில்லை என்று ஒரு விசாரணை நடக்கும். சித்தி இன்னும் ஒரு தரம்கூட அதைத் திறக்கவில்லை. ஆனால் பலர் இழுத்து இழுத்து ஜிப் சிக்கிக்கொள்ளும்போது, மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து அதைச் சரிசெய்து வைப்பது அவள்தான்.