கப்பல் ஆகாதவர் கப்பல் ஏறினார்

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் ஆகாது. கப்பல் அணையும் ஜெட்டியில் கயிற்றை அவிழ்ப்பதற்குள் முகம் வெளிறிப்போகும். சென்னைக்குப் போகும் பெரிய கப்பலில் ஏறினால் கரை தெரியும்வரை படுத்தே கிடப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற கையோடு, "ஏளா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி தீவையெல்லாம் போட்டுலயே ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? எனக்குச் சும்மாவே வரும். மீன்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால் நான் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, கல்யாணமான புதிதில் என்னைப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்தவர் இவர். ரோடு வேலையை மேற்பார்க்கும் அரசாங்க உத்தியோகம்; அங்கே பத்துபஸ்தி என்ற பகுதியில் குவார்ட்டர்ஸ். அன்றிலிருந்து நான் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: ரிட்டையர் ஆனதும் கடல் தாண்டி மெயின்லேண்டு, நம் ஊர். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஊரில் வீடு கட்டியாகிவிட்டது, மகளும் அதே தெருவில்தான் இருக்கிறாள்.

மெயின்லேண்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் இங்கே சாமான்களைச் சுமந்துகொண்டு போவதில்லை. அக்கம்பக்கத்திலேயே விற்றுவிடுவதுதான் வழக்கம். நானும் பீரோ, பிரிட்ஜ், டைனிங் டேபிள் எல்லாவற்றுக்கும் ஆள் பேசி முடித்திருந்தேன். இவர் மட்டும் ஒற்றைக் கட்டிலையும் சின்னக் குக்கரையும் ஓரமாக இழுத்துப் போட்டு, "அது கிடக்கட்டும்" என்றார். ஏன் கிடக்க வேண்டும் என்றால் பேப்பரை விரித்துக்கொண்டார். அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது.

முதலில் நீல் தீவுக்குப் போனோம். போட்டில் டூரிஸ்டுகள் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் கீழே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை இறங்கியதும் தெளிந்துவிட்டார். என்னை டீக்கடையில் உட்கார வைத்து, "இந்தா வந்துருதேன்" என்று மார்க்கெட் பக்கம் போனவர், டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் திரும்பினார். கையில் ஒன்றும் இல்லை. வந்ததும் வராததுமாக, "ஊர் எப்படி இருக்கு?" என்றார்.

"வெயிலா இருக்கு" என்றேன்.

லாங் ஐலண்டிலும் இதே கதைதான். அங்கே வண்டிச் சத்தமே இல்லை, மரங்களுக்கு நடுவே சிமெண்டு நடைபாதை மட்டும். யாரோ ஒருவருடன் ஒரு வீட்டின் பின்பக்கம் போய்விட்டு வந்து, "எப்படி இருக்கு?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நீந்தித்தான் போகணும்" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எதற்குச் சுருங்க வேண்டும்? நாம் என்ன இங்கே குடியிருக்கவா போகிறோம்?

அடுத்து ரங்கத் என்ற ஊரில் துப்புப் பிடித்துவிட்டேன். ஜெட்டியிலிருந்து பஸ் பிடித்து பஜாருக்கு வந்திருந்தோம். காய்கறிக்கடை வங்காளியிடம் இவர் இந்தியில் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனது அவருக்குத் தெரியாது. "அகேலா ஆத்மி" என்றது காதில் விழுந்தது. தனி ஆள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் புடலங்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கடையில் புடலங்காயே இல்லை.

பெண்டாட்டியைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டுத் தனி ஆள் என்று சொல்லிக்கொள்கிறவர் எதற்காகச் சொல்லிக்கொள்வார்? திரும்பும் போட்டில் எலுமிச்சம்பழத்தை அவரிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். இந்த வயதிலா என்று தோன்றியது. வேலை வேலை என்று அவர் தீவு தீவாகப் போய்த் தங்கியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கேட்டுவிடலாம்தான். ஆனால் பொய் சொல்ல அவகாசம் கொடுப்பானேன் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். ஹட் பே என்ற துறைமுக ஊர் மட்டும் பாக்கி. அங்கே கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஹட் பேயில் இடங்களுக்குப் பெயரே ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பதுதான். நாங்கள் ஜீப்பில் ஏதோ ஒரு கிலோமீட்டரில் இறங்கியபோது, ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இவள் இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது அவள் தலையில் வைத்திருந்த பூவைத்தான்.

"வாங்க ஐயா. போன்ல சொன்னீங்க தானே, எல்லாம் கூட்டிப் பெருக்கி சாஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்று பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்துவிட்டாள். இங்கே கமரா என்று சொல்கிற ஒற்றை அறை, ஒரு அடுப்புத் திட்டு. "ஒரு ஆளுக்கு இந்த ஒரு கமரா போதும் தானே? கட்டிலு ஒங்ககிட்டயே இருக்குன்னீங்க." பிறகுதான் என்னைப் பார்த்தாள். "அம்மாவும் இங்கனதானா?"

நான் இவரைப் பார்த்தேன். "இல்ல, அவ மெயின்லேண்டு போறா" என்றார். பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

ஆயிரம் தடவை நான் சொன்ன வாக்கியம். அவர் வாயிலிருந்து கேட்டபோது நெஞ்சில் குத்தியது. இன்னொருத்தி இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இங்கே யாரோடு சண்டை போட?

திரும்பும் கப்பலில், டெக்கில், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் கேட்டேன். "என்னை அனுப்பிட்டுத் தனியா இருக்கதுக்குத்தான் இத்தனை ஏற்பாடா?"

"அங்க போனா நான் லீவுல வந்த ஆளுதான். இங்கதான் என்னை நாலு பேருக்குத் தெரியும். என்னால போக முடியாதுளா."

"அதை எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீயும் இருந்திருவ." தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "அன்னைக்கு உன்னை ஒரு வார்த்தை கேக்காமக் கப்பல் ஏத்துனேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய மனசு வரல."

"அப்போ என்னை எதுக்கு ஊர் ஊரா இழுத்துட்டு அலைஞ்சீங்க?"

"ஏதாவது ஒரு ஊரப் பாத்து, நல்லாருக்குன்னு நீயா சொல்லமாட்டியான்னுதான்."

எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை நாள் அவரைத் துப்பறிந்தேனே தவிர, அந்த ஊர்களில் ஒன்றையும் நான் பார்க்கவே இல்லை.

"இப்பக் கேளுங்க" என்றேன்.

வாய்க்கு மேல் துண்டைப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "இருக்கியா? போறியா?"

யார் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னவள் நான். அன்றைக்கு முதன்முறையாக, "தெரியல" என்றேன்.