இளைய ராணியை என்ன செய்வது

என் அலமாரியின் கீழ்த்தட்டில் பைண்டு செய்த ஒரு தொடர்கதை இருக்கிறது. வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் துளை போட்டு, அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் சணலால் தைத்தது. அட்டைக்கு சோப்புப் பெட்டியை வெட்டி ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தில் ராஜசபை, புரட்டினால் தலைவலித் தைல விளம்பரம். கடைசி சில அத்தியாயங்கள் மட்டும் தைக்கப்படாமல் உதிரியாகச் செருகிக் கிடக்கின்றன. தைத்தவள் என் சின்னம்மா. செருகியவள் நான். இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் பிறந்ததே அதில் ஒரு பாதி.

சின்னம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அம்மாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. கீழ்பென்னாத்தூர் தாத்தாவே முன்வந்து இளையவளையும் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று கணக்கு. சின்னம்மா வந்து வருஷம் திரும்புவதற்குள் அம்மாவின் வயிற்றில் நான் வந்துவிட்டேன். சின்னம்மாவுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. எதற்காக அழைத்து வந்தார்களோ அந்தக் காரியம் அவள் இல்லாமலேயே முடிந்துபோயிற்று. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, எழுத்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவள்தான்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அந்தச் சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்த பெண் சின்னம்மா ஒருத்திதான். பத்திரிகை வந்த அன்று மத்தியானம், சாப்பாட்டுக் கடை ஒழிந்ததும், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கூட்டம் கூடிவிடும். எதிர்வீட்டு அத்தை முறத்தில் அரிசியோடு வருவாள். முறுக்குப் போடும் அம்மா வெறுங்கையோடு வந்து எல்லோருக்கும் முன்னால் உட்காருவாள். கம்பவுண்டர் சம்சாரம் தாமதமாக வந்து, முதலிலிருந்து படிக்கச் சொல்வாள். அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கேட்பாள். சின்னம்மா ராஜாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல் வைத்து வாசிப்பாள். ராணிகள் பேசும் இடத்தில் மட்டும் தன் சொந்தக் குரலில் வாசிப்பாள்.

கதையில் ஒரு ராஜா. பட்டத்து ராணிக்குப் பிள்ளை இல்லை என்று இளைய ராணியைக் கட்டுகிறான். சதி, ஒற்றன், சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் கிணற்றடிக்கு அதெல்லாம் ஊறுகாய் மாதிரிதான். மாசி மகத்தன்று, பிள்ளையில்லாமல் செத்துப்போன ராஜாவுக்குச் சாமியே பிள்ளையாகப் போய்த் திதி கொடுக்கிற ஊர் இது. அரண்மனை வாரிசு விஷயத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா? ஒரு வாரம், பட்டத்து ராணியே கருவுற்றாள் என்று எழுதி, அந்த எழுத்தாளர் 'தொடரும்' போட்டுவிட்டார்.

சின்னம்மா பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். முறுக்குப் போடும் அம்மாதான் ஆரம்பித்தாள். "வந்தவளுக்கு வந்த வேலை இல்லன்னு ஆயிடுச்சு. இனிமே அந்த அரமனையில அவளுக்கு இன்னா இருக்குது?"

"கதை எழுதறவரு அவள வெஷம் வெச்சு சாவடிச்சுடுவாரு பாருங்க" என்றாள் கம்பவுண்டர் சம்சாரம்.

"சாவடிக்கலாம் வேணாம், பாவம். மரியாதையா அம்மா வீட்டுக்கு அனுப்பிச்சுடட்டும்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அதுதான் நியாயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ராணியைப் பற்றித்தான் பேசினார்கள், யார் எதிரில் பேசுகிறோம் என்பது கதை மயக்கத்தில் மறந்துபோயிற்று என்றுதான் இன்றுவரை நம்பப் பார்க்கிறேன். முழுசாக நம்ப முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பத்திரிகைக்கே எழுதிப் போடுவோம், எழுத்தாளர் பார்க்கட்டும் என்று அத்தை கிளம்பிவிட்டாள். எழுதத் தெரிந்தவள் யார்? தபால் கார்டு வந்தது. அவர்கள் சொல்லச் சொல்லச் சின்னம்மா எழுதினாள். பெரிய ராணிக்கே குழந்தை வரப்போவதால் இளைய ராணி இனி அரண்மனையில் இருப்பது முறையல்ல, அவளைக் கௌரவமாகத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பதே நியாயம். எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்தும் காட்டினாள். குரல் பிசகவில்லை. யார் பேர் போடுவது என்று கேட்டாள். "கார்டுல எல்லார் பேரும் எங்க புடிக்கும்? உம் பேரையே போட்டுடு" என்றாள் முறுக்குப் போடும் அம்மா. அம்மா துவைக்கிற கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது.

கடிதம் அச்சில் வந்தது. வாசகர் கடிதப் பக்கத்தில் சின்னம்மாவின் பெயர், கீழே திருவண்ணாமலை. கடைக்குச் சாமான் வாங்க வந்த யாரோ, "உங்க வூட்டம்மா பேரு வந்திருக்குதே" என்று அப்பாவிடம் காட்டியிருக்கிறார். அப்பா வேளைகெட்ட வேளையில் வீட்டுக்கு வந்தார். கோபமாகக்கூட இல்லை. தெருவில் தடுக்கி விழுந்தவர் போல முகம் சிறுத்திருந்தது. சின்னம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார். "அவளுக்குப் போவணும்னு இருந்தா நேரா சொல்லக்கூடாதா? ஊர் பூரா சிரிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதணுமா?"

சின்னம்மா அடுப்படி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அது தெருப் பெண்கள் சொல்லி எழுதியது என்று ஒரு வார்த்தை போதும். தானே சொல்லிக்கொண்டால் சால்ஜாப்பு ஆகிவிடும், அக்கா சொன்னால்தான் எடுபடும் என்று அவள் காத்திருந்திருக்க வேண்டும். அம்மா அப்பாவுக்கு இலை போட்டாள். தண்ணீர் வைத்தாள். சோறு போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் சின்னம்மா, "கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வரேங்க்கா" என்றாள். "மல்லாட்டை புடுங்கற நேரம். நம்ம தம்பிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள் அம்மா. அந்த வேர்க்கடலையைப் பிடுங்கி, உடைத்து, அடுத்த போகமும் போட்டுவிட்டார்கள். சின்னம்மா திரும்பி வரவில்லை. யாரும் போய் அழைக்கவும் இல்லை.

அதன் பிறகு கிணற்றடியில் வாசித்தது நான்தான். எழுத்தாளர் எங்கள் கார்டைச் சட்டை செய்யவே இல்லை. கடைசி அத்தியாயத்தில் ராஜா இளைய ராணியை அனுப்பிவிட நினைக்கும்போது, பட்டத்து ராணி நிறைந்த சபையில் எழுந்து நின்று, "இவள் போனால் நானும் போவேன்" என்று அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இப்படித்தான் முடியணும்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அம்மா அதற்கு முன்பே வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டிருந்தாள்.

எண்பதுகளில் வேலைக்குப் போன பிறகு, முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். உதிரி அத்தியாயங்களை எடுத்துப் போயிருந்தேன். சின்னம்மா மாமா வீட்டுக் கொட்டகையில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டப் பிடித்து, கடைசி அத்தியாயத்தை மனசுக்குள்ளேயே படித்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பைண்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, உதிரித் தாள்களோடு சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டாள். தைத்துக் கொடு என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அத்தனை பேர் அபிப்பிராயத்தையும் எழுதிக்கொடுத்தவளிடம் அவள் அபிப்பிராயத்தை யாருமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கதை எப்டி சின்னம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றாள். மறுபடி மல்லாட்டையைக் கையில் எடுத்தாள். "மத்ததெல்லாம் எங்கியும் நடக்கறதுதான். கடைசியில பெரிய ராணி எழுந்து பேசறா பாரு, அது மட்டும்தாம்மா கதை."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னா சொன்னா?" என்று கேட்டாள். கதை நல்லா இருக்குதாம் என்றேன். வேறு ஏதாவது சொல்வேனா என்று அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது இருவருமே இல்லை. புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. சணலும் கோணி ஊசியும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. ஆனாலும் அந்தக் கடைசி அத்தியாயத்தை மற்றவற்றோடு சேர்த்துத் தைக்க எனக்குக் கை வரவில்லை.