குண்டுவிமானத்தின் கீழே குப்புற

லண்டனில் தங்கச்சியின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுக்கும் விழா. பலெர்மோவிலிருந்து புறப்படும்போது ஆளுக்கொரு சாமான் வாங்கிவரச் சொன்னார்கள். லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கிற வயதான அம்மா, சிஞ்ஞோரா, மட்டும் ஒரு விமானத்தைப் பார்த்துவரச் சொன்னார். அவர் பேசுவது இத்தாலியன்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

“அங்கை மியூசியத்திலை அந்தச் சண்டைக்காலத்துக் குண்டுவிமானம் ஒண்டு நிக்குதாம், மோனை. மேலை இருந்து பாத்தால் கீழை ஆக்கள் தெரியுமோ எண்டு கேட்டுக்கொண்டு வா.”

இரண்டாம் உலகப்போரில், அவருடைய சின்ன வயதில், பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் அவர்கள் வீட்டின்மேல் குண்டு விழுந்தது. போட்டவன் எங்களைப் பார்த்துவிட்டே போட்டான், அவன் முகத்தைக் கண்டேன் என்று அவருடைய அண்ணன் சாகும்வரை சாதித்தாராம். சிஞ்ஞோரா நம்பவில்லை. குண்டு போட்டவனுக்காகத் தினமும் செபம் சொல்லி வருகிறார். பார்த்துப் போட்டவன் என்றால் செபத்தை நிறுத்தவேண்டும்.

எனக்கும் ஊரில் குண்டு போட்டவனின் மீசை தெரிந்தது என்று அவருக்குப் பலமுறை சொல்லி, அண்ணன் பக்கத்துக்கு வலுச் சேர்த்தவன் நான்.

தங்கச்சியோடு போன மியூசியத்தில் நாலு எஞ்சினோடு, வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது அது. சண்டை முடிந்தபின் யாருக்கும் வேண்டாமல் ஒரு விமானப்படை முகாம் வாசலில் மழையில் நின்றதாம். எஞ்சினுக்குள் குருவி கூடு கட்டியதாம். பிறகு பழைய ஆட்கள் சேர்ந்து பாகம் பாகமாகத் திருத்தினார்களாம். இப்போது அதைத் துடைக்கவே ஒரு கூட்டம். சிஞ்ஞோராவுக்கு நான் ஒருவன்தான்.

திடீரென்று ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தத்தைப் போட்டார்கள். ஊரில் குண்டுவீச்சுக்குப் பழகிய முறைப்படி குப்புற விழுந்தேன். நெஞ்சு தரையில் படவில்லை, காதைப் பொத்தியாயிற்று. பல்லுக்கிடையில் கடிக்கத் தடி இல்லாததால் மியூசியத்தின் வரைபடத்தைக் கடித்தேன். சத்தம் நின்றபின் பக்கத்தில் பார்த்தால் தங்கச்சியும் கிடக்கிறாள், வாயில் சால்வை.

“உனக்கென்னடி வந்தது?”

“நீ விழுந்தாய், நானும் விழுந்தன். எழும்பு அண்ணை, சனம் பாக்குது.”

எங்களைத் தூக்கிவிட்ட மியூசியத்துக் கிழவரிடம், வந்த காரியத்தைக் கேட்டேன். அவர் விமானத்தின் கண்ணாடி மூக்கைக் காட்டினார். உள்ளே குண்டு போடுகிறவனின் பொம்மை ஒன்று குப்புறப் படுத்து, ஒரு கருவிக்குள் கண்ணை வைத்திருந்தது.

திரும்பி வந்து, சியாகுல்லியில் விளைந்த மந்தரீனாத் தோடம்பழத்தை உரித்தபடி சிஞ்ஞோராவிடம் எல்லாம் ஒப்புவித்தேன்.

“துறைமுகம், பாலம் தெரியுமாம். அந்த உயரத்திலை ஆக்கள் தெரியாதாம்.”

“அப்ப அண்ணன் கண்ட முகம்?”

“அவர் எங்கை நிண்டவர்?”

“நிக்கேல்லை. என்னைப் போலை குப்புறக் கிடந்தவன், அம்மாவின்ரை கைக்குக் கீழை.” சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஊரிலை எப்பிடிக் கிடந்தனி?”

“குப்புறத்தான், சிஞ்ஞோரா.”

“வாயிலை தடியோடை?”

“ஓம்.”

“அப்ப அந்த மீசை?”

உரித்த சுளையை அவர் வாயில் வைத்தேன். மென்று விழுங்கிவிட்டு, செபமாலையை எடுத்துத் தரச் சொன்னார்.