வள்ளம் கேட்ட போதகர்

ஓய்வுபெற்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் அவர். கொக்குபோல் நெடிய உருவம். தம்மிடம் ஜெபம் கேட்டு வருபவர்களைக் கையோடு அழைத்துப்போய்ப் புதுப் போதகரின் வாசலில் விட்டுவிடுவார்.

ஒரு மாரிக் காலை, எங்கள் பக்கத்து வீட்டுத் துறைமுகத் தொழிலாளி இறந்துபோனார். புதுப் போதகரோ குடாவுக்கு அக்கரையில், மூதூரில் இருந்தார். கடல் குமுறியதால் பயணிகள் லாஞ்சிப் படகு ஓடவில்லை.

"நீங்களே அடக்கம் பண்ணுங்கோ, ஐயா," என்று இறந்தவரின் மனைவி அழுதாள்.

"ஏலாது, பிள்ளை. பொழுதுபட முன்னம் அவரைக் கூட்டியாறன்."

கரையில் முஸ்லிம் வள்ளக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே ஓதினா முடிஞ்சுதே, ஐயா! இண்டைக்கு ஒரு மையித்து காணாதோ? நாங்களும் கடல்ல சாகோணுமோ?"

"நான் ஓதினா நாளைக்கும் என்னட்டத்தான் வருவினம். நான் செத்தா ஆரிட்டப் போறது? வள்ளத்தைத் தள்ளுங்கோ, காக்கா."

நானும் ஏறினேன். மழையும் உப்பும் மாறிமாறி முகத்தில் அறைய, அவர் தகரப் பேணியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார்.

பொழுது சாய்கையில், அக்கரையிலிருந்து கூட்டிவந்த புதுப் போதகர் நனைந்த அங்கியோடு குழியருகே நின்று ஜெபித்தார். இறந்தவரின் மனைவி நிமிர்ந்து பெரியவரைத் தேடினாள். அவர் விரல் நீட்டிப் புதியவரைக் காட்டினார்.

அதைப் பணிவு என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை; அவ்வளவு பிடிவாதம் அதில். ஜெபம் முடிந்ததும் எழுந்த ஆமென்களில், அவருடையதுதான் கடலுக்கும் கேட்டிருக்கும்.