அக்கா வீட்டுக்குப் பேய் பிடிக்க வருகிறார்கள்

அந்த கேமை ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே கொண்டாட்டம். பட்டாசு, பூங்கொத்து, கும்பிடு... தேர்தலில் ஜெயித்தால்கூட இவ்வளவு வராது.

எந்த கேம் என்று கேட்கிறீர்களா? பேய் பிடிக்கிற கேம். கைப்பேசியில் மேப் வரும். அதில் நிஜமான இடங்களில் பேய் உட்கார்ந்திருக்கும். நேரில் போய் கேமராவைக் காட்டினால் வெளியே வரும். படம் பிடித்தால் பாயிண்ட். யாரோ ஒருவருடைய அம்மா சமாதிமேல் ஏறி நின்று பேய் பிடித்திருக்கிறார்கள். அந்த வீடியோ பரவியதும் ஊரே கொதித்தது. நானும்தான். ஆன்லைனில் கையெழுத்து போட்டேன், தெரிந்தவர்களையும் போட வைத்தேன்.

வெற்றிச் செய்தியைச் சொல்ல முதலில் சரோஜா அக்காவுக்குத்தான் போன் போட்டேன். என் பெரியம்மா மகள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். பால்மரம் போய் இப்போது எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் போகவில்லை. மாடு வளர்த்துப் பால் விற்கிற மனுஷிக்கு அடுக்குமாடியில் என்ன வேலை? இருட்டுகிற நேரத்தில் டார்ச் லைட்டோடு செம்பனைக்குள் போய் மாடுகளை ஓட்டி வருவார். அந்த வெளிச்சத்தை எவன் பார்த்தானோ... கேமில் அக்காவின் வீட்டையும் பேய் வீடாகப் போட்டுவிட்டார்கள்.

"அக்கா, கேமை எடுத்துட்டாங்க. இனி நிம்மதியா இருங்க" என்றேன்.

"எங்க எடுத்தாங்க? நேத்தும் வந்தானுங்க லா. போன்ல ஏத்தி வெச்சிருக்கிறவனுக்கு அது இன்னும் ஓடுதாம். நிப்பாட்டுறதுக்கு முன்னாடி பிடிச்சிரணும்னு இப்பதான் கூட்டம் சாஸ்தியா வருது."

யாரோ ஜன்னலுக்கு வெளியே நிற்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார். மறுநாளே கிளம்பிப் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அக்கா ரொம்பவே பயந்து போயிருந்தார். வெயில் இருக்கும்போதே மாடுகளைக் கட்டிவிடுகிறார். கதவுக்கு உள்பக்கம் பெஞ்சை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். போலீஸ் ரோந்து வருகிற அன்று எவனும் வருவதில்லை. ரோந்து இல்லாத அன்று வருகிறான். முரட்டு மாட்டை ஒரே அதட்டலில் நிறுத்துகிற அக்கா, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறார்.

"பேய்க்கு நான் பயந்ததே இல்ல. விடியறதுக்கு முன்னாடி பால்மரக் காட்டுல தனியா நடந்தவ நான். இவனுங்க மனுசனுங்க. உள்ள ஒரு பொம்பள தனியா இருக்கான்னு தெரிஞ்சிக்கிட்டா?"



அன்று சாயங்காலம் மழை. கொண்டுபோன துணியெல்லாம் நனைந்துவிட்டதால் அக்காவின் வெள்ளை நைட்டியை மாட்டிக்கொண்டு தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். டமார்! தகரக் கூரையில் கல். மாடுகள் கத்தின. இன்னொரு கல். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குக்கா கல்லு?"

"அப்பதான் பேய் வெளியே வருமாம்."

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் பயந்துவிட்டேன். பயம் அதிகமானால் சிலருக்குப் பேச்சு வராது. எனக்குக் கோபம் வரும். பெஞ்சைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து "டேய்!" என்று கத்தினேன். பளிச் பளிச்சென்று கேமரா வெளிச்சம். அடுத்த நொடி "ஐயோ!" என்று அலறிக்கொண்டு அத்தனை பேரும் ஓட்டம். மோட்டார்கள் பறந்தன. நானும் அக்காவும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம் பாருங்கள்... ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் காலை குரூப்பில் ஒரு படம் வந்தது. விரித்த தலை, வெள்ளை நைட்டி, திறந்த வாய். "தோட்டத்தில் நிஜப் பேய்! எல்லோருக்கும் அனுப்பவும்." கீழே தோட்டத்துக்குப் போகிற வழியும் போட்டிருந்தார்கள். கேமை ஒழிக்கக் கொதித்த அதே நல்லவர்கள்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கூடப் பிறந்த தம்பி எனக்கே அனுப்பி, "ஜாக்கிரதைக்கா, அந்தப் பக்கம் போயிராத" என்கிறான்! வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் முகம் வருகிறது. ஒருவருக்குமா அடையாளம் தெரியவில்லை? பேய் என்று எழுதிவிட்டால் அப்புறம் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

கேமுக்காவது ஒரு கம்பெனி இருந்தது. சத்தம் போட்டோம், எடுத்தார்கள். இந்தப் படத்தை யாரிடம் போய் எடுக்கச் சொல்வது?

நேற்று அக்கா போன் செய்தார். "இப்ப கார்ல வாரானுங்க. குடும்பத்தோட. பேசாம மாட்டையெல்லாம் வித்துட்டு ஒன் வீட்டுக்கு வந்துரவா?"

தாராளமாக வரலாம், என் வீட்டில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த மாடுகளை விட்டால் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பிழைப்பும் இல்லை. யாரோ விளையாடியதற்கு அவர் ஏன் வீட்டை விட்டு வர வேண்டும்?

அதனால் சொல்கிறேன். அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருந்தால்... வெள்ளை நைட்டியில் நிற்பது நான்தான். உள்ளே இருப்பவர் என் அக்கா.

கல்லைக் கீழே போடுங்கள்.