ஊசியக்காவின் பின்சக்கரம்

ஊசியக்காவுக்குச் சீழைக் கண்டால் அருவருப்பு வராது. வீடு வீடாகச் சைக்கிளில் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றுகிறவளுக்கு அது வந்தால் பிழைப்பு நடக்குமா? மேட்டுத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தையற்காரரின் முதுகுப் புண்ணை அவர் பெற்ற பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றுதான் பார்ப்பார்கள். இவள் குனிந்து ஆழம் வரைக்கும் துடைப்பாள். கையைக் கழுவிவிட்டு அந்த வீட்டிலேயே டீ வாங்கிக் குடிப்பாள்.

அவளுக்குக் குமட்டியது கொழுந்தனின் சைக்கிள் கடை விவகாரம்தான். அண்ணிக்கு என்றே புதுக் கம்பி போட்டுக் கட்டியதாகச் சொல்லி ஒரு பின்சக்கரத்தை அவள் தலையில் கட்டினான் அந்த மகராசன். அது வந்த நாளிலிருந்து, அவள் காலையில் கிளம்பும்போதெல்லாம் கணவர் வாசல்வரை வந்து, "பாத்துப் போ" என்பார். பதினெட்டு வருஷமாக இல்லாத கரிசனம். பூரித்துப்போனாள், பைத்தியக்காரி.

ஒரு மாதம் ஓடியது. மேட்டுத் தெருச் சரிவில் இறங்கும்போது சக்கரம் எட்டுப் போல வளைந்து, அவளைத் தூக்கி அடித்தது. தாடையில் நாலு தையல். முழங்கால் வீங்கி நாலு நாள் நடக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் விந்தி விந்திப் போய்ச் சேர்ந்தபோது தையற்காரரின் புண்ணில் எலும்பு தெரிந்தது. அவர் திட்டியிருந்தாலாவது தேவலை. "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து வளைந்த சக்கரத்தைப் பிரித்தாள். கம்பியை நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் துரு. நாற்பது கம்பியில் பதினொன்று அப்படி. அதில் நாலு, அச்சுப் பக்கத்து வளைவில் பட்டென்று முறிந்திருந்தன. சீ! புண்ணைக் கழுவாமல் மேலே பவுடர் போட்டு அனுப்புகிற வேலை அல்லவா இது? பதினொன்றையும் தட்டில் அடுக்கிக் கணவர் முன்னால் வைத்தாள். அவர் வாயில் விரலை விட்டாலும் கடிக்கத் தெரியாதவர் என்று தெருவில் பெயர் வாங்கியவர். ரோட்டில் குழி இருந்திருக்கும், நம்ம தம்பிதானே, பெரிசு பண்ணாதே என்று பூசி மெழுகினார்.

இனி என் சக்கரத்தில் வேறு கை படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். அடுத்த ஊருக்கு பஸ்ஸில் போய்ப் புது ரிம்மும் நாற்பது கம்பியும் வாங்கி வந்தாள். முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டி ஒருவன் சக்கரம் கட்டும் காணொளியைக் கைப்பேசியில் போட்டு, அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். சமையலறைத் தரையே பட்டறை ஆயிற்று.

முதல் தடவை கம்பிகளை எண்ணாமல் கோர்த்ததில் கடைசியில் ஆறு கம்பி போக இடமில்லாமல் நின்றன. இரண்டாம் தடவை அத்தனையும் அழகாக அமைந்தது. டியூபைப் போட்டுக் காற்றடிக்கப் போனால், வால்வு ஓட்டைக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே நின்றன, பம்பின் வாய் நுழையவில்லை. தன்னைத்தானே கழுதை என்று திட்டிக்கொண்டு நாற்பதையும் பிரித்தாள். மூன்றாம் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோர்த்தாள். சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, சாக்பீஸை ஓரத்தில் பிடித்து, உரசுகிற இடத்தில் கம்பி முனையை இறுக்கும் நிப்பிளைச் சாவியால் கால் திருகு, அரைத் திருகு என்று திருகினாள். ஒரு வாரத்தில் தீக்குச்சிக் கனத்துக்குத்தான் கோட்டம் மிச்சம். அதுவரை நடந்தே போனாள். பாதி வீடுகளுக்கு மேல் முடியவில்லை, தையற்காரர் வீட்டை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது சைக்கிள் வாசலில் நிமிர்ந்து நின்றது. சக்கரம் மாட்டி, காற்றும் அடித்திருந்தது. சுற்றிவிட்டாள். துளிக் கோட்டம் இல்லை. கணவர் சிரித்துக்கொண்டே டீயோடு வந்து, உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று தானே உட்கார்ந்து முடித்ததாகச் சொன்னார்.

ஒரு நொடி அவளுக்கு நெஞ்சு குளிரத்தான் செய்தது. பழக்கத்தில் விரல் நிப்பிள்களின் மேல் ஓடியது. முனையெல்லாம் குறடு கடித்த பல் தடம். இவள் வீட்டில் குறடே கிடையாது. அடுத்தடுத்து மூன்று கம்பிகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தன. நகத்தால் சுரண்டினாள். வெள்ளி உதிர்ந்தது.

எங்கே போய் வந்தது இது என்று கேட்டாள். முதலில் மழுப்பினார். பிறகு, தம்பி ரொம்ப வருத்தப்படுகிறான், திருகும்போது மூன்று கம்பி முறிந்துவிட்டதாம், அவனே போட்டுக் கொடுத்தான், குடும்பத்துக்குள் எதற்குப் பகை என்று இழுத்தார்.

சைக்கிளை அவர் பக்கம் தள்ளினாள்.

"மேட்டுத் தெருவுக்குப் போயிட்டு, சரிவுல ஒரு தடவை இறங்கி வாங்க. அப்புறம் நான் ஏறிக்கிறேன்."

அவர் டீயை வாசல் திண்டில் வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். பின்சக்கரத்தைப் பார்த்தார். ஒரு காலைப் பெடலில் வைத்தார். எடுத்தார்.

"முட்டி வலிக்குது" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இன்றைய மூன்று கம்பி மட்டும் இல்லை, அந்தப் பதினொன்றும் இவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு மாதம் வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

"பாத்துப் போன்னு அதுக்குத்தான் சொன்னீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். எந்தப் புண்ணுக்கு முன்னாலும் வராத குமட்டல் அவளுக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சைக்கிளைக் கவிழ்த்தாள். பிடித்துக்கொள்ள அவர் கையை நீட்டியபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பையிலிருந்து பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்து, கைப்பிடியில் அவர் தொட்ட இடத்தைத் துடைத்தாள். பிறகு சாவியை எடுத்து முதல் கம்பியைக் கழற்ற ஆரம்பித்தாள்.