கச்சாங் போட்ட கேக்கு

நேற்று சிரம்பானில் ஒரு பேரங்காடியில், வேலை செய்கிற சின்னப் பெண் ஒருத்தி என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. கொட்டை வகைகள் அடுக்கியிருந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். பாதாம், முந்திரி, பிஸ்தா, வாயில் நுழையாத பெயரோடு இன்னும் என்னென்னவோ. பக்கத்தில் எங்கோ வறுத்துக்கொண்டிருந்தார்கள், வாசனை மூக்கைத் துளைத்தது. அந்தப் பெண் பணிவாக வந்து, "ஆன்ட்டி, சாரி கச்சாங் அப்பா?" என்று கேட்டாள். என்ன கச்சாங் தேடுறீங்க என்று அர்த்தம். மலாயில் அப்பா என்றால் 'என்ன'. என் காதில் விழுந்ததோ நம்முடைய அப்பா. கச்சாங் அப்பா! பிடித்துக்கொண்டது சிரிப்பு. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவள் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

உங்களுக்காவது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

மலாய்க்காரர்களுக்கு நிலக்கடலையும் கச்சாங், பாதாமும் கச்சாங், பச்சைப்பயறும் கச்சாங், பொரியலுக்கு நறுக்குகிற நீளப் பயற்றங்காயும் கச்சாங்தான். பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்தால்தான் எது என்று தெரியும். அவர்கள் மறக்காமல் சேர்ப்பார்கள். தோட்டத்தில் நாங்கள் முன்பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம், பின்பாதியை அவர்களிடமே விட்டுவிட்டோம். அந்தப் பின்பாதிதான் ஒருநாள் என் கல்யாணத்தைத் தொங்கலில் விட்டது.

லுக்குட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை இடைவேளைக்குச் சரியாக, மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிற ரொட்டி மோட்டர் வரும். பின்னால் பெரிய தகரப் பெட்டி, இரண்டு பக்கமும் தொங்குகிற மிட்டாய்ப் பைகள், கையால் அமுக்குகிற ரப்பர் ஹாரன். ஓட்டி வருகிறவர் பெயர் குணா. இப்போது என் வீட்டு வரவேற்பறையில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்குகிறவரும் அதே ஆள்தான், ஆனால் அப்போது முடி இருந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ரொட்டி மலையாகக் குவிந்தது. "இந்த வீட்டுல சோறு திங்கற ஆளே இல்லையாடி?" என்று அம்மா கத்துவார். நான் தேங்காய் ரொட்டி ஒன்று கேட்டால் பையில் இரண்டு இருக்கும். எங்கள் காதல் மொத்தமும் அந்த இரண்டாவது ரொட்டியில்தான் நடந்தது. பேச்சு ரொம்பக் குறைவு. யாராவது பக்கத்தில் வந்தால் என்னை "அக்கா" என்று கூப்பிட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிக்கல் அவருடைய அம்மா. லுக்குட்டில் அவரைக் கேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். தீபாவளி வந்தால் அவருடைய லேயர் கேக்குக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மூத்த மகன் யாரையோ விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போனவன், அதன்பிறகு வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து கேக்கம்மாவுக்கு ஒரே வைராக்கியம். பேசிப் பழகின பெண் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. அதனால் குணா தன் மாமாவைப் பிடித்து, ஏதோ ஊர் பேர் தெரியாத இடம்போல எங்கள் வீட்டுப் பேச்சை எடுக்க வைத்தார். அவரும் நானும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று ஏற்பாடு. முன்பே பழக்கம் என்று தெரிந்தால் கல்யாணப் பேச்சு அதோடு சரி.

மற்றவர்கள் முதலில் ஜாதகம் கேட்பார்கள். கேக்கம்மா வேறு கேட்டார். "பொண்ணு தோட்டமா இருந்தா என்ன, டவுனா இருந்தா என்ன. கச்சாங் போட்டு ஒரு லேயர் கேக்கு செஞ்சு வைக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம வந்து தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு முட்டை அவிக்கத் தெரியும். அவ்வளவுதான்.

மறுநாள் ரொட்டி மோட்டரின் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு குணா அவசர அவசரமாகப் பாடம் நடத்தினார். "முட்ட வெள்ள வேற, மஞ்ச வேற, கை வலிக்க அடிங்க. கச்சாங்க வறுத்து, பொடிச்சு, மாவுல பாதி, பட்டர் கிரீமுல பாதி. கிரீமுல காப்பி ஓ, கெட்டியா, ஒரே ஒரு கரண்டி. அதான் எங்கம்மா ரகசியம். வெளிய சொல்லிறாதீங்க."

பால் போடாத கறுப்புக் காப்பிதான் காப்பி ஓ. அது புரிந்தது. "என்ன கச்சா..." என்று நான் வாயெடுக்கும்போது தோட்டத்து மேஸ்திரி மண்டோர் ஐயாவின் மோட்டர் திரும்பி வந்தது. "ரொட்டி முடிஞ்சிருச்சிக்கா!" என்று கத்திவிட்டு மனிதர் பறந்துவிட்டார். பெட்டி நிறைய ரொட்டி.

குணா வீட்டில் கச்சாங் என்றால் பாதாம், கேக்குக்கு வேறு எதையும் போட மாட்டார்கள். நான் நினைத்துக்கொண்டது நிலக்கடலை. சனிக்கிழமை லுக்குட்டுக்குக் கிளம்பிய அப்பாவிடம் பட்டர், முட்டை, சீனி எல்லாம் சொல்லிவிட்டு, "கச்சாங்கும்பா, நல்லதா பாத்து வாங்குங்க" என்றேன். அப்பாவின் உலகத்திலோ ஒரே ஒரு கச்சாங்தான் உண்டு. பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிளில் கண்ணாடிப் பெட்டி வைத்து விற்பாரே ஒருவர், காரக் கடலை, பொரித்த பட்டாணி, முறுக்குத் துண்டு, கறிவேப்பிலை எல்லாம் கலந்து கூம்புப் பொட்டலத்தில், அந்தக் கச்சாங் பூத்தே.

அப்பா மோட்டரை விட்டு இறங்கும்போதே முகமெல்லாம் பெருமை. பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ச் சிவப்பில் மினுமினுத்தது.

"அப்பா, இது..."

"கேக்குக்குன்னு சொல்லித்தாம்மா வாங்குனேன். பழசெல்லாம் வேணாம், புதுசா வறுத்துக் குடுன்னேன். பூண்டு கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் குடுத்தான்லா, நம்ம ஆளு."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் உண்மையைச் சொல்ல முடியும்? "நல்லா இருக்குப்பா" என்றேன். தோட்டத்துக் கடையில் அன்று கடலை மருந்துக்கும் இல்லை. அப்பா வாசல் சாக்கடையைச் சுத்தம் செய்யப் போனதும் அம்மாவும் நானும் வேலையை ஆரம்பித்தோம். பட்டாணியைப் பொறுக்கினோம், முறுக்கைப் பொறுக்கினோம், கடலையை வெந்நீரில் கழுவி, துணியில் தேய்த்து, முறத்தில் காயவைத்து, திரும்ப வறுத்தோம். முகர்ந்து பார்த்தால் கடலை வாசனைதான் வந்தது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். பிறகு அதை அம்மியில் வைத்து அரைத்தேன். எங்கள் வீட்டு அம்மியில்! வருஷக்கணக்காக மிளகாயும் பூண்டும் குடித்து வளர்ந்த அம்மியில்! கழுவினதை விட அதிகமாகவே அது திருப்பிக் கொடுத்துவிட்டது.

கேக் தட்டுக்கு எங்கே போவது? பட்டர் பிஸ்கட் வந்த வட்ட டின்னில் அம்மா ஊசி நூல் வைத்திருந்தார். அதைக் காலி செய்தோம். மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் தகர ஓவன், அதன் தலையில் கரி நெருப்பு. ஒரே டின் என்பதால் ஒவ்வொரு அடுக்காக வேகவைத்தோம். முதல் அடுக்கு வெளுத்துப்போய் வந்தது. அதன் அடியில் ஒரு சட்டைப் பொத்தான் அழகாக வெந்திருந்தது. இரண்டாவது நல்ல தேக்கு நிறம். மூன்றாவது உப்பிக்கொண்டு வரும் நேரத்தில் அப்பா, "என்னம்மா, ஏறுதா?" என்று மூடியைத் திறந்தார். ஏறியது இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பட்டர் கிரீம் அடித்து முடித்தபோது உச்சி வெயில். தகரக் கூரைக்குக் கீழே பட்டர் எத்தனை நேரம் மரியாதையாக நிற்கும்? மேல் அடுக்கு மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் போனது. அம்மாதான் புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, கழுவி, ஒடித்து, மேலிருந்து கீழ்வரை குத்தி அதை நிறுத்தினார். மேலே கிரீம் பூசியதும் ஒன்றும் தெரியவில்லை. தூர நின்று பார்த்தால் கேக்தான்.

வந்துவிட்டார்கள். கேக்கம்மா, குணா, அந்த மாமா. குணா என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதுபோல விழித்தார். கொஞ்சம் அதிகமாகவே விழித்தார். நான் கேக்கை வெட்டித் தட்டுகளில் வைத்தேன். இந்தம்மா முகத்தைச் சுளித்தால் நாளையிலிருந்து நான் வெறும் ரொட்டி வாங்குகிறவள்.

கேக்கம்மா முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தன் துண்டிலிருந்து எதையோ பிடித்து இழுத்தார். நீளமாக வந்தது. "கச்சாங்கும் இருக்கு, குச்சியும் இருக்கு. இது கேக்கா, சாத்தேயா?"

குச்சியில் குத்திச் சுடுகிற இறைச்சிதான் சாத்தே. மாமா மட்டும் சிரித்தார். கேக்கம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். மூக்கு நுனி சிவந்தது. தண்ணீர்க் கிளாஸைத் தேடினார். குடித்தார். மறுபடி ஒரு வாய், இந்த முறை கிரீம் மட்டும், நாக்கு நுனியில்.

"கிரீமுல என்ன போட்ட?"

"கச்சாங்குங்க."

"அது தெரியுது. கண்ணுல தண்ணி வருது பாரு. வேற?"

"காப்பி ஓ" என்று சொன்ன பிறகுதான் குணாவின் முகத்தைப் பார்த்தேன். மாவு பூசிய மாதிரி வெளுத்திருந்தது.

கேக்கம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "கச்சாங் கேக்குக்குக் காப்பி ஓ போடறவ இந்த லுக்குட்ல ஒருத்திதான்" என்று சொல்லிக்கொண்டே மகன் பக்கம் திரும்பினார். "எத்தன நாளாடா?"

அப்பா மட்டும் பொறுப்பாகப் பதில் சொன்னார். "காலைல கலக்குனதுதாம்மா. பழைய காப்பி இல்லங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டார். அப்போது குணா, நெற்றியில் வேர்வை வழிய, தன் காலித் தட்டை என் பக்கம் நீட்டினார். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. "இன்னொரு துண்டு போடுங்க" என்றார்.

"நெஜமாவா கேக்கற?" என்றார் கேக்கம்மா.

"நல்லாருக்கும்மா." குரல் காரத்தில் கட்டிப்போயிருந்தது.

இரண்டாவது துண்டையும் முழுசாகத் தின்றார். ஈர்க்குச்சியை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். கேக்கம்மா கண்கொட்டாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு! இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதப் போயி ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் திங்கறான். இனிமே நான் பேசி என்ன ஆவப்போவுது? நாளப் பாருங்க சம்பந்தி."

அப்பா துள்ளி எழுந்தார். "நான்தான் சொன்னேன்ல, நல்ல கச்சாங்குன்னு! பஸ் நிக்கற எடத்துல, சைக்கிள்காரன்கிட்ட, பூண்டு தூக்கலா!"

கேக்கம்மா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு அப்பாவைக் கும்பிட்டார். "ஆமாங்க. இந்த மாதிரி கச்சாங் நான் தின்னதே இல்ல."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்களுக்குப் போட்ட முதல் கட்டளை, சம்பந்தியிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். திறக்கவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே போனாலும் "எம்மக கல்யாணம் என் கச்சாங்கால நடந்தது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் பாதாம் பொடிக்க உட்காரும் நாளில் சொல்லிவைத்ததுபோல அந்தப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். என் மாமியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அப்பாவுக்கென்று சின்னதாக ஒரு கேக் தனியாக வேகும், அதன் தலையில் காரக் கடலை. "இப்பல்லாம் ஒரைப்பு பத்தலம்மா" என்று சொல்லிக்கொண்டே தின்பார்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. மரத்தையெல்லாம் சாய்த்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்து, கேட்டும் காவலாளியும் வைத்த வீடுகள் கட்டிவிட்டார்கள். ரொட்டி மோட்டர் வருவதில்லை. சைக்கிள்காரர் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. மாமியார் முதலில் போனார். அதன்பிறகு வந்த தீபாவளிக்கு அப்பாவால் எழுந்து நடக்க முடியவில்லை, நினைவும் விட்டு விட்டுத்தான் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ மறந்துவிட்ட மாதிரி. நான் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் கச்சாங் பூத்தே வாங்கி வந்து, பழைய பேப்பரில் கூம்பாக மடித்து, அவர் கையில் வைத்தேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. உடனே அதை என்னிடமே நீட்டினார்.

"இந்தாம்மா. நல்லதா பாத்து வாங்கியாந்தேன்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் என் கேக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுக்குகள் ஒரே நிறம், கிரீம் நகராது, பாதாம் பாதாமாகவே இருக்கிறது. தப்பானதை அவ்வளவு பெருமையாக வாங்கி வர ஆள்தான் இல்லை.